ஐலி எண்ணிய நாற்பத்தோரு அலைகள்

ஐலி ரௌதியோவின் கணவன் ஊனோ இரும்புக் கொல்லன். ஐலி வேலை பார்த்த குடிலிலோ ஓர் இரும்பு ஆணிகூட இருக்கக் கூடாது. இப்படி ஒரு பொருத்தம் அமைந்ததில் பாதிப் பொறுப்பு என்னுடையது. அந்த டாக்டரை அவர்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தவள் நான்தான்.

எங்கள் வடக்குக் காட்டு ஊரான குர்கியான்காவின் தொலைபேசி இணைப்பகம் என் வீட்டு முன்னறையில் இருந்தது. ஊரில் முப்பத்தோரு வீடுகள், பதினான்கு தொலைபேசிகள். யார் யாரிடம் பேசினாலும் கம்பியைச் செருகிக் கொடுப்பவள் நான். 1957 கோடையில் தெற்கிலிருந்து டாக்டர் ஹௌதாலா வந்து இறங்கினார். டாக்டர் என்றதும் என் பக்கத்து வீட்டுக் கெர்த்து காலுறையைக் கீழே இறக்கித் தன் வீங்கின முழங்காலை அவரிடம் காட்டிவிட்டாள். அவர் காந்தம் படித்த டாக்டர் என்று தெரிந்தபோது அவள் கேட்டது, "காந்தம் வெச்சு இதைச் சரி பண்ண முடியாதா?"

ஊருக்கு வெளியே, பைன் காட்டின் ஓரத்தில், பூமியின் காந்தத்தை அளக்க ஒரு குடில் கட்ட வேண்டும் என்றார் அவர். கட்டுவதற்கு ஆள் கேட்டார். ஊனோவின் வீட்டைக் காட்டினேன்.

"இரும்பே இல்லாம கட்டணுமா?" என்றான் ஊனோ. "அப்ப நீங்க தையல்காரன்கிட்டதான் போகணும்."

"மர ஆப்பும் செம்பு ஆணியும் போதும். பூமியோட காந்தம் ரொம்ப நுணுக்கமா மாறும். பக்கத்துல ஒரு கோடாலி இருந்தாக்கூட கருவி அதைத்தான் அளக்கும்."

"என் தொடைக்குள்ள போர்ல வாங்கின இரும்புத் துண்டு ஒண்ணு இருக்கே, அது பரவாயில்லையா?"

டாக்டரின் முகம் மாறியது. "நீங்க ஐம்பது அடிக்கு இந்தப் பக்கம் வராதீங்க."

அதனால் குடிலை வேறு இருவர் கட்டினார்கள். ஊனோ ஐம்பது அடிக்கு அப்பால் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பலகைக்கும் ஒரு குறை சொல்லிக்கொண்டிருந்தான். குடிலைப் பார்த்துக்கொள்ள நேரம் தவறாத, கை சுத்தமான ஓர் ஆள் வேண்டும் என்றபோது ஐலி முன்வந்தாள். அவளுக்கு அப்போது முப்பத்தொன்று. உங்களிடம் இரும்பு எதுவும் இருக்கிறதா என்று டாக்டர் கேட்க, அவள் தன் தலையிலிருந்து பதினொரு கொண்டை ஊசிகளை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு ஊக்கு ஒன்று. பிறகு ஆணி அடித்த காலணிகள். கடைசியில் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் கொக்கி இருக்கு, டாக்டர். அதை உங்க முன்னாடி கழட்ட முடியாது."

வேலை அவளுக்குக் கிடைத்தது. மறுநாளே எலும்புப் பொத்தான் வைத்து ஓர் உடை தைத்துக்கொண்டாள். காலுக்குக் கம்பளிக் காலணி. ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்கு அவள் காட்டுப் பாதையில் போகும்போது, "ஐலி கழட்டிப் போட்டுட்டுக் கிளம்பிட்டா" என்று கடை வாசலில் யாராவது சொல்வார்கள். "உனக்குப் பொறாமை" என்று சொல்லிவிட்டு அவள் நடப்பாள்.

குடிலுக்குள் மூன்று சிறிய காந்தங்கள் மயிரிழை போன்ற நூலில் தொங்கின. ஒவ்வொன்றிலும் நகத்தளவு கண்ணாடி. விளக்கின் ஒளி அதில் பட்டுத் திரும்பி, மெதுவாகச் சுழலும் உருளையில் சுற்றிய புகைப்படத் தாளில் ஒரு புள்ளியாக விழும். பூமியின் காந்தம் அசையாதிருந்தால் தாளில் நேர்கோடு. அசைந்தால் கோடும் வளையும். ஒரு நாளுக்கு ஒரு தாள். ஐலி அதைக் கழற்றி, புதியதை மாட்டி, பழையதைச் சிவப்பு விளக்கின் கீழ் கழுவிக் காயப்போட்டு, வாரம் ஒரு முறை தெற்கே அனுப்பி வைக்க வேண்டும். அனுப்பினால் போதும், படிக்க வேண்டியதில்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

அவள் படித்தாள். வானத்தில் பச்சை ஒளி ஆடிய நாட்களில் கோடு பித்துப் பிடித்தது போல் ஓடுவதையும், சில வாரங்கள் பால் போல் அமைதியாகக் கிடப்பதையும் பார்த்துப் பழகினாள். ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதுவாள்: 'பால் டிராக்டர் போனது', 'கலைமான் ஒன்று கழுத்து மணியோடு வந்து சுவரில் உரசியது'. ஏழு வருடம் இப்படிப் போயிற்று.

1964 மார்ச்சில் ஒரு நாள் அவள் என் வீட்டுக்குள் வந்து, ஈரம் காயாத தாளை என் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்தாள்.

"சில்வி, உன் கண்ணாடியைக் குடு. இதைப் பாரு."

பார்த்தேன். விடியற்காலை ஐந்தேகால் வரை கோடு நேராக வந்தது. அப்புறம் சின்னச் சின்னப் பல் போல, ஒன்று போலவே இன்னொன்று, வரிசையாக எழுந்து விழுந்து, ஆறரைக்குள் அடங்கிப் போயிருந்தது. கம்பளிச் சட்டையின் மணிக்கட்டுப் பின்னல் போல அவ்வளவு ஒழுங்கு.

"நாற்பத்தொண்ணு" என்றாள். "மூணு தடவை எண்ணிட்டேன். ஒவ்வொண்ணும் நூறு விநாடி. வானத்துலேர்ந்து வர்ற எதுவும் இப்படி அழகா வந்து நான் பார்த்ததில்ல."

தாள் தெற்கே போனது. இரண்டு வாரத்தில் டாக்டர் ஹௌதாலாவின் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான், ஆனால் ஐலியின் காது சிவந்துவிட்டது. அதே காலையில் தம்முடைய நிலையத்துத் தாளில் கோடு நேராக இருப்பதாகவும், ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தமக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் தெரிந்தால் காரணம் உங்கள் ஊரிலேயேதான் இருக்க வேண்டும் என்றும், இயற்கை இவ்வளவு ஒழுங்காக ஆடாது, ஏதோ இயந்திரம்தான் ஆடும் என்றும், உங்கள் கணவரின் பட்டறையைக் கொஞ்சம் கவனிக்கவும் என்றும் எழுதியிருந்தார்.

ஊனோ அதை வாங்கிப் படித்தான். "காலையில அஞ்சு மணிக்கு நான் சம்மட்டி அடிக்கிறேனாமா? ஏழு மணிக்கு என்னை எழுப்ப நீ படுற பாட்டை அந்த ஆளுக்கு எழுது."

"எழுதினா நம்பமாட்டார். காட்டணும்."

ஐலி கோபத்தைச் சத்தமாகக் காட்டுகிறவள் அல்ல. அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போனாள். சனிக்கிழமை பதினொரு மணியிலிருந்து யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, என் கடிகாரத்துக்கு எல்லார் கடிகாரத்தையும் சரி செய்ய வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமையை ஊர் மறக்காது. பதினொன்றிலிருந்து பதினொன்று இருபது வரை ஊனோ சும்மா பட்டடையை அடித்தான். நூறு விநாடிக்கு ஒரு தடவை, ஐலி சொன்ன கணக்குப்படி. பிறகு கெர்த்து தன் கிணற்றுச் சங்கிலியை ஏற்றி இறக்கினாள். பத்து நிமிஷம் ஆனதும் என் ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தினாள்.

"சில்வி, இன்னும் எவ்வளவு நேரம்? என் முழங்கால் போகுது."

"இன்னும் பத்து நிமிஷம்."

"அறிவியலுக்கு என் வீட்டுக் கிணறுதானா கிடைச்சுது?"

பன்னிரண்டு மணிக்குப் பால் டிராக்டர் குடிலுக்குப் பக்கத்துச் சாலையில் மூன்று முறை போய் வந்தது. தாளைக் கழுவிப் பார்த்தால், டிராக்டர் போன மூன்று இடத்திலும் மூன்று மேடு. சம்மட்டிக்கும் சங்கிலிக்கும் ஒன்றுமே இல்லை. கோடு நேர்கோடாகவே இருந்தது. கெர்த்துவுக்கு ஏமாற்றம். "அவ்வளவு இழுத்தும் ஒரு கோணல்கூட இல்லையா?" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

செப்டம்பரில் அந்த அலைகள் மறுபடி வந்தன. ஊர் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலை. இந்த முறை ஐலி தாளை அனுப்பவில்லை. நேராக என்னிடம் வந்து, வடக்கே நார்வேக் கடற்கரைக்கு இணைப்புக் கேட்டாள். அங்கே இதே போல் ஒரு குடிலைப் பார்த்துக்கொள்ளும் லுட்விக் என்ற மனிதர் இருப்பதாக டாக்டரின் கடிதத்தாளின் அடிக்குறிப்பு ஒன்றில் படித்திருந்தாள். மூன்று இணைப்பகம் தாண்டி, கடல் இரைச்சல் போன்ற சத்தத்துக்கு நடுவே லுட்விக்கின் குரல் கேட்டது. பழங்காலத்துப் பின்னிஷ் பேசுகிற மீனவர் குடும்பம் அவருடையது.

"நேத்துக் காலைத் தாளைக் கொஞ்சம் பாருங்க," என்றாள் ஐலி. "என்ன இருக்குன்னு நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க."

அவர் போய், தாளை எடுத்து வர ஒரு யுகம் ஆயிற்று. "அம்மா, இதுல பல்லு பல்லா இருக்கு. சின்னதுதான், ஆனா வரிசை தப்பல. எண்ணவா?"

"எண்ணுங்க."

"...முப்பத்தெட்டு. முப்பத்தொன்பதாகவும் இருக்கலாம். ஒரு எடத்துல காபி சிந்திட்டேன்."

ஐலியின் கணக்கு முப்பத்தெட்டு. அவள் பென்சிலை எடுத்தாள். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"நாலு இருபத்தஞ்சு. என் சமையலறைக் கடிகாரப்படி."

அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. அவளுடைய தாளில் ஐந்து இருபத்தைந்து. ஒரு மணி நேரம் வித்தியாசம் என்றால் அது வேறு எதுவோ. அவள் நன்றி சொல்லி வைக்கப் போனாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐலி, நார்வேக்காரங்க கடிகாரம் நம்மளவிட ஒரு மணி நேரம் பின்னாடி" என்றேன் கம்பிக்குள்.



"உங்க ஊர்லயும் இணைப்பகத்துல ஒட்டுக் கேப்பாங்களா?" என்றார் லுட்விக். "எங்க ஊர்ல மட்டும்தான்னு நினைச்சேன்."

ஐலி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பிறகு அவள் சிரித்தாள். லுட்விக்கும் அந்தப் பக்கம் சிரித்தார். "ஊனோவோட சம்மட்டிச் சத்தம் வடகடல் வரைக்கும் கேக்குது போல" என்றாள்.

டாக்டருக்கு அவள் எழுதிய கடிதத்தில் நான்கே வரி. இரண்டு தாள், ஒரே நேரம், ஒரே எண்ணிக்கை. தவிர, பழைய தாள்களைப் பற்றித் தன் நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்த குறிப்புகளைப் புரட்டிப் பார்த்ததில், இவ்வளவு அழகில்லாத சிறு பல் வரிசைகள் முன்பும் வந்திருக்கின்றன; எல்லாமே பகலும் இரவும் சமமாக இருக்கும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் வருகின்றன. ஒரு நாள் வந்தால் அடுத்தடுத்த நாட்களிலும் ஏறக்குறைய அதே நேரத்தில் வரும். நேரில் வந்து பாருங்கள்.

வந்துவிட்டார். ஐந்தாவது நாள் பேருந்தில் இறங்கினார். தலை முன்னைவிட நரைத்திருந்தது. முதலில் ஐலியிடம் கை கொடுத்து, "நான் உங்க வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது" என்றார்.

"அவர்கிட்டயே சொல்லுங்க," என்றாள் அவள். "அஞ்சு மணிக்கே எழுந்திரிச்சு வேலை செய்யறவர்னு நீங்க நினைச்சதுல அவருக்கு உள்ளுக்குள்ள பெருமைதான்."

அன்று மாலை கலைமான் இறைச்சிக் குழம்பும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டபின், டாக்டர் ஊனோவின் தொடையைப் பற்றிக் கேட்டார். துண்டு எவ்வளவு பெரிசு? ஊனோ சுண்டுவிரல் நகத்தில் பாதியைக் காட்டினான். டாக்டர் எழுந்தார்.

"வாங்க, ஒண்ணு சோதிச்சுப் பார்த்துடலாம்."

ஐலி உள்ளே, நேரில் பார்ப்பதற்காக வைத்திருந்த கண்ணாடித் தட்டில் ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊனோ கத்தி, இடுப்புவார், காலணி, தோள்பட்டி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஈரப் பாசியில் வெறுங்காலோடு நடந்தான். ஐம்பது அடி. நாற்பது. இருபது. ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து "ஒண்ணும் இல்ல" என்று குரல் வந்தது. வாசல் திரை வரைக்கும் வந்துவிட்டான்.

"அசையவே இல்ல" என்றாள் ஐலி.

"துண்டு ரொம்பச் சின்னது," என்றார் டாக்டர் மெல்ல. "கருவிகிட்டயே போனாத்தான் தெரியும். அன்னிக்கு நான் கொஞ்சம் அதிகமாப் பயந்துட்டேன்."

"ஏழு வருஷம்," என்றான் ஊனோ. "ஏழு வருஷமா இவளுக்குக் காபி கொண்டுவந்து அந்த மரத்தடியில வெச்சுட்டுப் போறேன். நாய் மாதிரி." சொல்லிவிட்டு அவனே சிரித்ததில் கால்சட்டை நழுவப் பார்த்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எல்லாரும் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. ஏழு மணிக்கு டாக்டர் பேருந்து நேரம் விசாரித்தார். ஐலி அவருடைய பையை எடுத்துப் பரணில் வைத்தாள். "இன்னும் ஒரு நாள் இருங்க. அதுவும் மனுஷங்க மாதிரிதான், ஒரு நாள் தூங்கிடும்."

அடுத்த நாள் ஐந்து நாற்பதுக்கு ஒளிப்புள்ளி கண்ணாடித் தட்டின் அளவுக் கீறல்களுக்கு நடுவே நகர ஆரம்பித்தது. அரிசி நீளம் இந்தப் பக்கம், அரிசி நீளம் அந்தப் பக்கம். போய் வர நூறு விநாடி. டாக்டர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். ஐலி சுவரில் சாய்ந்து நின்றாள். திரைக்குப் பக்கத்தில் ஊனோ, ஒரு கையில் கால்சட்டையோடு, அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் நின்றது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று ஐலி சொல்வாள்.

"மூச்சு விடுற மாதிரி இருக்கு" என்றான் கடைசியில்.

காலைச் சாப்பாட்டுக்கு நானும் போயிருந்தேன். அழைக்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியாமல் அந்த ஊரில் எதுவும் நடப்பதில்லை. காபி, கம்பு ரொட்டி, வாட்டிய பாலாடைக்கட்டி.

"இப்ப சொல்லுங்க டாக்டர்," என்றாள் ஐலி. "ஆட்டுறது யாரு?"

டாக்டர் ரொட்டியைக் கீழே வைத்தார். "குளிர்காலத்துல பனிக்கு அடியில வலை போடுவீங்கல்ல? ஒரு துளையிலேர்ந்து இன்னொரு துளைக்குக் கயிறு போகும். பூமியோட காந்தக் கோடும் அப்படித்தான். ஒரு நுனி இங்க, உங்க காட்டுல. அங்கேர்ந்து வானத்துல ஏறி, வளைஞ்சு, ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர் போய், இன்னொரு நுனி தெற்கே, அண்டார்டிக்காகிட்ட கடல்ல இறங்குது."

"அங்க யாரு பிடிச்சிருக்கா?"

"பென்குயின்," என்றான் ஊனோ.

"கயிறை இழுத்துக் கட்டியிருந்தா அதுக்குன்னு ஒரு ஆட்டம் இருக்கும்," என்று தொடர்ந்தார் டாக்டர். "குட்டைக் கயிறு வேகமா ஆடும், நீளக் கயிறு மெதுவா ஆடும். எங்க ஊர்க் கோடு வேற நீளம். அதனால உங்க கோடு ஆடுறப்ப எங்களுது சும்மா இருக்கு. நான் அதை யோசிக்காம உங்களுக்கு அந்தக் கடிதம் எழுதினேன்."

"சரி, கயிறு புரியுது. தட்டுறது யாரு?"

"சூரியன்லேர்ந்து ஒரு காத்து ஓயாம வீசுது. பூமியைச் சுத்தியிருக்கிற காந்த மண்டலத்தை அது உரசிக்கிட்டுப் போறப்ப, ஏரி மேல காத்து அலை கிளப்புற மாதிரி அதோட ஓரத்துல அலை கிளம்பும். அது உள்ள வந்து, எந்தக் கோட்டோட ஆட்டத்துக்கு ஒத்துப்போகுதோ அதை ஆட்டும். பெரும்பாலான அலை அப்படித்தான் பிறக்குது. ஆனா உங்களுது அதைவிட ஒழுங்கா இருக்கு. இது அந்தக் காத்து இல்லன்னு தோணுது. கோடுகளுக்குள்ள மாட்டிக்கிட்ட துகள் கூட்டம் ஒண்ணு வடக்கும் தெற்குமா ஓடிக்கிட்டே இருக்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளிவிடுற மாதிரி அது ஒவ்வொரு தடவையும் தள்ளிக் குடுக்குதோ என்னவோ. எங்க ஆளுங்க இதுக்கு இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க."

"நிச்சயமாத் தெரியாதா?"

"தெரியாது."

ஐலிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவருக்கு இன்னொரு துண்டு பாலாடைக்கட்டி வைத்தாள், மேலே மஞ்சள் நிறக் காட்டுப் பழக் கூழ் தாராளமாக.

அடுத்த வருடம் டாக்டர் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு உயிர் கொடுத்தது ஐலியின் பென்சில் குறிப்புகள்தான். எந்த அசைவு டிராக்டர், எது மான், எது வானம் என்று பிரித்துச் சொல்ல வேறு எந்த நிலையத்துத் தாளிலும் வழியில்லை. ஆஸ்லோவில் நடந்த கூட்டத்துக்கு அவளை அழைத்தார்கள். அவளும் ஊனோவும் இரண்டு நாள் ரயிலில் போனார்கள். மேடையில் அவள் சனிக்கிழமைச் சோதனையைச் சொல்ல, ஒரு பெண் அதை ஆங்கிலத்தில் சொல்ல, கெர்த்துவின் முழங்கால் வந்த இடத்தில் அரங்கம் சிரித்ததாம். ஊரில் கெர்த்து அதற்குப் பிறகு ஒரு மாதம் தலையை நிமிர்த்தித்தான் நடந்தாள்.

அங்கேதான் லுட்விக்கை முதல் தடவையாக நேரில் பார்த்தாள். தொலைபேசியில் மலை போல் ஒலித்த மனிதர் அவளுடைய தோள் உயரம்தான் இருந்தார். காய்ந்த மீன் ஒரு கட்டு பரிசாகக் கொண்டுவந்திருந்தார். ஓட்டலில் அதன் வாசனை மூன்று மாடிக்கும் பரவிவிட்டது. அந்த மூன்று நாளும் இருவரும் பேராசிரியர்களைவிடத் தங்களுக்குள்தான் அதிகம் பேசினார்கள் என்று ஊனோ சொன்னான்: தாள் சுருளாமல் எப்படிக் காயவைப்பது, விளக்கின் திரி மங்கும்போது என்ன செய்வது என்று.

ஐலி 1988 வரை குடிலைப் பார்த்துக்கொண்டாள். இடையில் தாள் போய், எண்களாகப் பதியும் பெட்டி வந்தது. ஒரு வாரத்தில் அதையும் கற்றுக்கொண்டு, தெற்கிலிருந்து வந்த இளைஞர்களுக்கு அதில் ஒரு தவறைக் கண்டுபிடித்துக் காட்டினாள். செயற்கைக்கோள்கள் மேலே போய் அந்தத் துகள் கூட்டத்தை நேரிலேயே அளந்தபோது, டாக்டரின் ஊகம் பெரும்பாலும் சரிதான் என்று செய்தி வந்தது. டாக்டர் அப்போது உயிரோடு இல்லை. அவருடைய மனைவிக்கு ஐலி ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினாள்.

ஊனோ 1992-இல் போனான். ஐலிக்கு இப்போது எழுபத்தொன்பது. எனக்கு அவளைவிட இரண்டு குறைவு. போன வாரம் அவளுடைய பேத்தி நகரத்திலிருந்து வந்து கணினியில் உலகத்துக் குடில்கள் எல்லாவற்றின் கோடுகளையும் ஒரே திரையில் காட்டினாளாம். அந்தச் சந்தோஷத்தில் ஐலி ரொட்டி அடுப்பை மறந்துவிட்டாள். கருகின ரொட்டியைப் பறவைகளுக்குப் போட்டுவிட்டு, என் வீட்டுக்கு வந்து என் ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே, கனடாவில் செவ்வாய்க்கிழமை காலை என்ன நடந்தது என்று எனக்கு ஒரு மணி நேரம் சொன்னாள்.